மூன்றாவது ஸ்லைடிலேயே கேள்வி வந்தால்?

வேலையிடம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அலுவலகத்திலோ வங்கியிலோ ஒரு திட்டத்தை எடுத்துச் சொல்லும்போது நடுவே வரும் கேள்விகளை எப்படி எதிர்கொள்வது? கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். காற்றை அழுத்தித் தரும் 37 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரெசருக்கு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் சாதனம்) போடலாம் என்று ப்ரொபோசல் வைத்தேன். மொத்தம் 14 ஸ்லைடு. மூன்றாவது ஸ்லைடிலேயே எம்.டி., “அதெல்லாம் இருக்கட்டும். எவ்வளவு செலவு, போட்ட பணம் எப்போது திரும்பும்?” என்று கேட்டார். “அது 11-ஆவது ஸ்லைடில் வருகிறது சார்” என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. அதற்குப் பிறகு நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. வரிசையாகச் சொல்வது தவறா?

பதில்: வரிசை வைத்திருப்பதில் தவறே இல்லை. கேட்டவரைக் காக்க வைத்ததுதான் இடறிவிட்டது. பணத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் செலவைக் கேட்டுவிட்டால், அதற்குப் பதில் கிடைக்கும்வரை வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. நீங்கள் காற்றழுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். அவரோ மனசுக்குள் ஒரு தொகையை ஊகித்துக்கொண்டிருப்பார், அதுவும் பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதலாக.

கேட்ட இடத்திலேயே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: “3 லட்சத்து 60 ஆயிரம் சார், ஜி.எஸ்.டி. சேர்க்காமல். இப்போது ஓடுகிற மணிக்கணக்குக்கு இரண்டு வருடத்தில் திரும்பிவிடும். கணக்கை இப்போதே காட்டட்டுமா, பிரச்சினையைச் சொல்லிவிட்டு அங்கே வரட்டுமா?” எந்தப் பக்கம் போவது என்பதை அவரே சொல்லட்டும். கணக்கைக் காட்டச் சொன்னால் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். பவர்பாயின்ட்டில் ஸ்லைடு ஷோ ஓடும்போதே 11 என்று தட்டி என்டர் அழுத்தினால் நேராக 11-ஆவது ஸ்லைடு வந்துவிடும். எந்த ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் கேள்வி அதோடு நிற்காது. அடுத்தது அந்த இரண்டு வருடத்தின் மேல்தான் வரும். விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனவர் அங்கேயே திணறுவார். அந்த விடை எந்தெந்த எண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்தவர், கேட்பவர் எதை மாற்றிக் கேட்டாலும் கூடவே போய்ப் புது விடை சொல்லிவிடுவார். வளைந்து கொடுத்துப் பேசுவது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பேச்சு சாமர்த்தியத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு.

உங்கள் கம்ப்ரெசருக்கே ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். வருடத்துக்கு 6,000 மணி ஓட்டம். அதில் 60 சதவீத நேரம் லோடு (காற்றை அழுத்தித் தருவது), 40 சதவீத நேரம் அன்லோடு. அன்லோடில் காற்றே தராமல் சும்மா சுற்றும்போதும் முழு லோடில் இழுப்பதில் ஏறத்தாழ 30 சதவீத மின்சாரத்தை அது இழுக்கும். அதாவது 11 கிலோவாட். 2,400 மணிக்கு 26,400 யூனிட் வீண். வி.எஃப்.டி. அதைத் தடுக்கும். ஆனால் அதற்கும் சொந்தமாக 3 சதவீதம் போல இழப்பு உண்டு. லோடில் செலவாகும் 1,33,200 யூனிட்டில் அது 4,000 யூனிட். கழித்தால் மிச்சம் 22,400 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 1 லட்சத்து 80 ஆயிரம். 3.6 லட்சத்துக்கு இரண்டு வருடம்.

இனி கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். “ஆர்டர் குறைந்து வருடம் 4,500 மணிதான் ஓடுகிறது என்றால்?” மிச்சம் 16,800 யூனிட், 1 லட்சத்து 34 ஆயிரம் ரூபாய், பணம் திரும்ப 2 வருடம் 8 மாதம். “வி.எஃப்.டி. ட்ரிப் ஆனால் பிளான்ட் நிற்குமா?” மோட்டாரைக் கிளப்பும் பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் பைபாஸாக வைத்துக்கொள்கிறோம், மாற்றிவிட்டு ஓட்டலாம். “எவ்வளவு குறைந்த வேகம் வரை ஓட்டுவாய்?” கம்ப்ரெசர் தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்த குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போக மாட்டோம், ஆயில் சுற்றோட்டம் கெடும். இந்தக் கடைசிப் பதிலுக்கு தயாரிப்பாளரின் மெயில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கும் கேள்வி வேறு: “முதலில் காற்று லீக்கை அடைத்தாயா? அதை அடைத்தால் இது எதற்கு?” நியாயமான கேள்வி. இதைக் கேட்கிற எம்.டி.க்கு ஷாப் ஃப்ளோர் தெரியும். உற்பத்தி இல்லாத நாளில் கம்ப்ரெசரை மட்டும் ஓட்டி, எவ்வளவு நேரம் லோடு, எவ்வளவு நேரம் அன்லோடு என்று ஐந்தாறு சுற்று ஸ்டாப் வாட்சில் குறித்துக்கொண்டு போங்கள். லோடு 90 நொடி, அன்லோடு 270 நொடி என்றால் 90-ஐ 360-ஆல் வகுக்க 25 சதவீதம். கம்ப்ரெசரின் திறனில் கால் பங்கு லீக்குக்கே போகிறது. அதை 15 சதவீதமாகக் குறைத்தால் லோடு நேரம் 60 சதவீதத்திலிருந்து 50 ஆகும், அன்லோடு 40-லிருந்து 50 ஆகிவிடும். அன்லோடு கூடினால் வி.எஃப்.டி. மிச்சப்படுத்துவதும் கூடும்: ஏறத்தாழ 29,700 யூனிட், பணம் ஒன்றரை வருடத்தில் திரும்பும். ஆக, “லீக்கை முதலில் அடைக்கிறோம் சார். அடைத்த பிறகும் இது லாபம்தான், இன்னும் சீக்கிரமாகவே” என்று நிமிர்ந்து சொல்லலாம். லீக்கை அடைத்த பிறகு லோடு மிகவும் இறங்கிவிடுகிறது என்றால், சின்ன கம்ப்ரெசரே போதுமா என்ற கேள்வி வரும். அதற்கும் ஒரு வரி வைத்திருங்கள்.

உங்கள் கம்ப்ரெசர் 95 சதவீத நேரம் முழு லோடிலேயே ஓடுகிறது என்றால் இந்தத் திட்டத்தை வைக்கவே வேண்டாம். அந்த 3 சதவீத இழப்புதான் மிஞ்சும்.

கேள்வி: மீட்டிங்கில் சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து ஆன்லைனில் வருகிறவர்கள் ஆங்கிலத்திலேயே கேட்கிறார்கள். புரிகிறது, விஷயமும் தெரியும், பதில்தான் தமிழில் ஓடுகிறது. திக்கித் திணறுவதைப் பார்த்து விஷயமே தெரியாது என்று நினைத்துவிடுகிறார்கள். (மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, புதுச்சேரி)

பதில்: எண்ணை முதலில் சொல்லுங்கள். “டூ இயர்ஸ், சார்” என்றால் பதில் முடிந்தது, மீதி விளக்கம்தான். விளக்கத்தைத் தமிழும் ஆங்கிலமும் கலந்தே சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். தமிழே தெரியாத ஒருவர் இருந்தால், மொழிபெயர்த்துச் சொல்ல அறையில் யார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை ஒரு முறை திருப்பிச் சொல்வதும் உதவும். யோசிக்க நாலு நொடி கிடைக்கும். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அங்கேயே திருத்திவிடுவார்கள். ஆன்லைனில் குரல் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து உடனே ஆரம்பித்தால் இரண்டு பேர் பேச்சும் மோதும். ஒரு நொடி விட்டுப் பேசுங்கள்.

கேள்வி: தெரியாத கேள்வி வந்தால் “தெரியாது” என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறேன். பிறகு அது மினிட்ஸில் (மீட்டிங் குறிப்பில்) ஏறி, அடுத்த மீட்டிங்கில் என்னையே வந்து கேட்கிறது. (தட்டாஞ்சாவடி, வாசகி)

பதில்: தெரியாததில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்வதால்தான் கூச்சம் வருகிறது.

தகவல் இருக்கிறது, உங்கள் கையில் இப்போது இல்லை என்றால் நேரத்தைச் சொல்லுங்கள்: “கையில் இல்லை சார், இன்று 4 மணிக்குள் மெயில் அனுப்புகிறேன்.” “பார்த்துச் சொல்கிறேன்” என்று மட்டும் நிறுத்தினால் நழுவுவதாகத் தெரியும். சொன்ன 4 மணிக்கு முழுத் தகவல் வந்து சேராவிட்டாலும், வந்தது இவ்வளவு, மீதி நாளைக்கு என்றாவது ஒரு மெயில் போக வேண்டும்.

அந்தத் தகவலை யாருமே இதுவரை அளந்ததில்லை என்றால் அதையே சொல்லுங்கள், எப்படி அளக்கலாம் என்பதையும் சேர்த்து. மேலே சொன்ன லீக் கணக்கே உதாரணம்: “இதுவரை அளக்கவில்லை சார். ஆலை நிற்கிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேர வேலை. இந்த ஞாயிறே பார்த்துவிடுகிறோம்.” இப்படிச் சொன்னால் கேட்டவருக்கே திட்டத்தில் ஒரு பங்கு வந்துவிடும். மீட்டிங்கில் வரும் பதில்களிலேயே இது நல்ல வகை என்பது எங்கள் கருத்து.

உங்கள் துறையைச் சேராத கேள்வி என்றால் உரியவரிடம் அனுப்புங்கள். ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல் சக ஊழியர் தலையில் கட்டிவிடாதீர்கள். “டிப்ரிசியேஷன் (தேய்மானம்) பற்றிக் கேட்டால் உங்களைப் பார்ப்பேன் மேடம்” என்று முதல் நாளே அக்கவுன்ட்ஸில் சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றிலும் பொதுவான ஒன்று: கேள்வியைக் கேட்டவர் கண்முன்னே எழுதிக்கொள்ளுங்கள். மீட்டிங் முடியும்போது, “மூன்று கேள்வி பாக்கி இருக்கிறது, இது யாருக்கு, அது எப்போது” என்று வாசித்துக் காட்டிவிட்டு எழுந்திருங்கள். ஊகமாக ஒரு எண்ணைச் சொல்லியே தீர வேண்டும் என்றால் “15 முதல் 20 லட்சத்துக்குள்” என்று இரண்டு எல்லையாகச் சொல்லி, மினிட்ஸ் எழுதுகிறவரிடம் அது மதிப்பீடு என்றே குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து பண்ருட்டி பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் யூனிட் தொடங்க வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஆடிட்டர் தயாரித்தார். மேனேஜர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் நாங்கள் ஆடிட்டர் முகத்தைத்தான் பார்த்தோம். அடுத்த வாரம் எங்களை மட்டும் வரச் சொல்லியிருக்கிறார். எப்படித் தயாராவது?

பதில்: உங்களை மட்டும் வரச் சொன்னது நல்ல அறிகுறி. ரிப்போர்ட்டை அவர் ஏற்கெனவே படித்துவிட்டார். தொழில் உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார். அந்த நாற்பது பக்கத்தை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கிலோ பருப்பின் கணக்கை நாலு பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி தெரிந்துகொள்ளுங்கள்.

100 கிலோ கொட்டை உடைத்தால் 22 முதல் 25 கிலோ பருப்பு வரும். 24 என்று வைத்துக்கொள்வோம். கொட்டை கிலோ 120 ரூபாய் என்றால் 100 கிலோவுக்கு 12,000. ஒரு கிலோ பருப்புக்குக் கொட்டைச் செலவு மட்டும் 500 ரூபாய். முழுப் பருப்பு, உடைந்த பருப்பு எல்லாம் கலந்து சராசரியாக 650 ரூபாய்க்கு விற்பதாகக் கொண்டால், கூலி, எரிபொருள், மின்சாரம், பேக்கிங், வட்டி, லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 150 ரூபாய் நிற்கிறது. விலைகளை இப்போதைய நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடுகிற முறை இதுதான்.

மேனேஜர் கட்டாயம் இப்படிக் கேட்பார்: “கொட்டை விலை பத்து ரூபாய் ஏறினால்?” கொட்டையில் பத்து ரூபாய் என்பது பருப்பில் ஏறத்தாழ 42 ரூபாய். 150 ரூபாய் 108 ஆகிவிடும். “பருப்பு 22 கிலோதான் வந்தால்?” கொட்டைச் செலவு 545 ஆகும், கையில் 105. “இரண்டும் ஒன்றாக நடந்தால்?” 59 ரூபாய். மாதம் 5 டன் உடைத்தால் 1,200 கிலோ பருப்பு என்பது நல்ல காலத்துக் கணக்கு. 22 கிலோ விகிதம் என்றால் 1,100 கிலோதான். 59 ரூபாய் வீதம் மாதம் 65,000 ரூபாய்க்குள் எல்லாச் செலவும் அடங்காது. இதை மறைக்க வேண்டாம். “அந்த நிலை வந்தால் சொந்தச் சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்டு, வியாபாரிகளுக்குக் கூலிக்கு உடைத்துத் தருவோம் சார்” என்று மாற்று வழியைச் சொல்லுங்கள். கூலி வேலை தருகிற ஒன்றிரண்டு வியாபாரிகளிடம் முன்கூட்டியே பேசி, கிலோவுக்கு என்ன கூலி என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பதிலுக்கு எடை கூடும்.

ஈரப்பதம் பற்றிய கேள்வியையும் எதிர்பாருங்கள். நன்றாகக் காயாத கொட்டையை 15 சதவீத ஈரத்தில் வாங்கி, கிடங்கில் அடுக்க 9 சதவீதத்துக்குக் காயவைத்தால் 100 கிலோ 93 கிலோவாகிவிடும். வாங்கும் இடத்திலேயே ஈரம் பார்க்க மீட்டர் வைத்திருக்கிறோம், ஈரத்துக்கு ஏற்ப விலையைக் குறைத்துத்தான் வாங்குவோம் என்று சொல்ல முடிந்தால், அந்த அறையில் உங்களைவிடத் தொழில் தெரிந்தவர் யாருமில்லை என்று அவருக்கே புரியும்.

அடுத்து நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கி விற்றுப் பணம் வரும்வரை தொழிலை ஓட்டத் தேவையான பணம். “ஏன் இவ்வளவு?” என்பார். நம் பக்கம் அறுவடை மார்ச்சிலிருந்து மே வரை. உடைப்பதோ வருடம் முழுக்க. ஒரு நாளைக்கு 200 கிலோ, மாதம் 25 நாள் என்றால் 5 டன். மூன்று மாதச் சரக்கு 15 டன். கிலோ 120 வீதம் 18 லட்சம். வங்கிக்கும் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சிறுதொழிலுக்கு வருட விற்பனையில் 25 சதவீதத்தை நடைமுறை மூலதனத் தேவையாக எடுத்துக்கொண்டு, அதில் 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதம் தொழில் நடத்துகிறவர் போட வேண்டும். உங்கள் விற்பனை 14,400 கிலோ, 650 ரூபாய் வீதம் 93 லட்சத்து 60 ஆயிரம். அதில் 20 சதவீதம் 18 லட்சத்து 72 ஆயிரம். இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதைக் காட்டுங்கள். உங்கள் பங்கான 4 லட்சத்து 68 ஆயிரம் எங்கே இருக்கிறது என்று பாஸ்புக்கோடு போங்கள். “மீதி ஒன்பது மாதத்துக்குக் கொட்டை?” என்றால், வியாபாரிகளிடம் இருப்புச் சரக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து வரும் சரக்கு, அவற்றின் விலை இவ்வளவு என்ற பதில் வேண்டும்.

“மானியம் வராவிட்டால்?” இதற்குத் தயங்கவே கூடாது. மெஷினுக்கு 10 லட்சம், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 21,750 ரூபாய். மானியமே இல்லாமல் இந்தத் தவணையைக் கட்ட முடியும் என்று கணக்குக் காட்டுங்கள். மானியத்தை நம்பித்தான் தவணை என்றால் எந்த மேனேஜரும் யோசிப்பார்.

யார் எதற்குப் பதில் சொல்வது என்றும் பிரித்துக்கொள்ளுங்கள்: கொள்முதல் ஒருவர், உடைப்பு ஒருவர், கணக்கு ஒருவர், விற்பனை ஒருவர். ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் நடுவில் திருத்த வேண்டாம். தப்பாகச் சொல்லிவிட்டால், அவர் முடித்ததும் “அக்கா சொன்னதில் ஒரு சின்ன மாற்றம் சார்” என்று சொல்லலாம்.

கேள்வி: எங்கள் ஜி.எம். எதை வைத்தாலும் “இதெல்லாம் இங்கே ஒத்து வராது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். வயதிலும் அனுபவத்திலும் பெரியவர். எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவாகிவிடுகிறது. (நெல்லிக்குப்பம்)

பதில்: அவர் சொல்வது முடிவு மாதிரி ஒலிக்கும். உள்ளே ஒரு பழைய அனுபவம் இருக்கும். இதே மாதிரி ஏதோ ஒன்றை முன்பு செய்து கெட்டுப்போயிருக்கலாம். “இல்லை சார், ஆனா…” என்று ஆரம்பித்தால் அந்த அனுபவம் வெளியே வராது. “எந்த இடத்தில் இடிக்கும் என்று நினைக்கிறீர்கள் சார்?” என்று கேளுங்கள். ஆளா, மெஷினா, சப்ளையரா, பணமா என்று அவர் ஒன்றைச் சொல்லுவார். சொன்னதும் உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு இடம் கிடைத்துவிடும்.

இந்தக் கேள்வியை மீட்டிங்குக்கு முதல் நாள் அவர் அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பது இன்னும் நல்லது. பலர் முன்னிலையில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை மாற்றிக்கொள்வது யாருக்கும் கஷ்டம். தனியாக என்றால் ஒரு படி இறங்கி வருவார்கள். அவர் சொன்ன குறையைத் திட்டத்தில் திருத்திவிட்டு, மீட்டிங்கில் “ஜி.எம். சார் சொன்னதால் இதைச் சேர்த்தோம்” என்று அவர் பெயரைச் சொல்லியே வையுங்கள். உண்மையாகவே சேர்த்திருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

உள்ளே போகும் முன் இரண்டு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். விட்டுக்கொடுக்கக்கூடியது: தொடங்கும் மாதம், எந்த சப்ளையர், எத்தனை கட்டமாகச் செய்வது, எந்த லைனில் முதலில். விட்டுக்கொடுக்கக் கூடாதது: பாதுகாப்புச் சாதனம், சட்டப்படி வாங்க வேண்டிய அனுமதி, இதற்குக் கீழே போனால் திட்டமே பயனில்லை என்கிற அளவு. இந்தப் பிரிவு மனதில் தெளிவாக இல்லாதவர்கள் அறையில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் தேதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

கடைசியில் எதுவும் நகரவில்லை என்றால் சோதனை ஓட்டம் கேளுங்கள். ஒரே லைன், மூன்று மாதம். எந்த எண் எவ்வளவுக்குக் கீழே போனால் நாமே நிறுத்திவிடுவோம் என்பதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். நிறுத்தும் நிபந்தனை இல்லாத சோதனை ஓட்டத்தைப் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

கேள்வி: சின்ன வீராம்பட்டினம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் மேனேஜர். மொட்டை மாடியில் 20 கிலோவாட் சோலார் போட முதலாளியிடம் சொன்னேன். மின்கட்டணம், இடம், விலை எல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் கேட்டது, “புயல் வந்தா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை. எதிர்பாராத கேள்வியை எப்படி எதிர்பார்ப்பது?

பதில்: இந்தக் கடற்கரையில் அது எதிர்பாராத கேள்வி இல்லை. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ புயல். கடலூரிலும் புதுச்சேரியிலும் சொத்து வைத்திருக்கும் யாருக்கும் அந்த இரண்டும் மறக்காது. ஷெட், ஜெனரேட்டர், கிடங்கு, சோலார், படகுத்துறை என எதற்குத் திட்டம் போட்டாலும் காற்று, வெள்ளம், உப்பு, மின்வெட்டு என்ற நாலுக்கும் ஒவ்வொரு வரி எழுதி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

காற்றுக்கு: கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் புதுச்சேரிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பேனல் தாங்கியை அந்த வேகத்துக்கு டிசைன் செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோடு தரச் சொல்லி சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள். மாடியில் துளை போட்டால் ஒழுகுமே என்று அடுத்து கேட்பார். துளை போடாமல் கான்கிரீட் கட்டைகளில் பதிப்பது ஒரு வழி. அதனால் தளத்தின் மேல் கூடும் எடையை அதே இன்ஜினியர் சரிபார்க்க வேண்டும்.

உப்புக்கு: ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கிய) தாங்கி, பூச்சு 80 மைக்ரான், போல்ட் நட்டு எல்லாம் எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு), பேனலுக்கு ஐ.இ.சி. 61701 உப்புக்காற்றுச் சோதனைச் சான்று. வெள்ளத்துக்கு: இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் மாட்டாமல் மேலே மாட்டுவது. இன்சூரன்ஸில் புயல், வெள்ளச் சேதப் பிரிவு இருக்கிறதா, அதில் பேனலும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் பார்த்துவிட்டே போங்கள்.

அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட வேண்டியது ஒன்று இருக்கிறது. லைனோடு இணைத்த சாதாரண சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. புயலுக்குப் பிறகு கரன்ட் இல்லாத நாட்களில் இது கைகொடுக்கும் என்று நினைத்துப் பணம் போட்டவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அப்போதும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு கூடும். இரண்டு விலையையும் தனித்தனியாக வையுங்கள். பாதகமான விஷயம் உங்கள் வாயிலிருந்து முதலில் வந்தால் அது தகவல். அவர் கேட்டு வந்தால் மறைத்ததாக ஆகிவிடும்.

20 கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் 2,000 சதுர அடி வேண்டும். சராசரியாக ஒரு நாளைக்கு 80 யூனிட் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அந்த 80 வராது. அதனால் 80 என்பதைச் சராசரி என்றே சொல்லுங்கள்.

எதிர்பார்ப்பதற்கு ஒரு பயிற்சி: திட்டத்தை அந்த வேலைக்கே சம்பந்தமில்லாத மூன்று பேரிடம் ஐந்து நிமிடம் சொல்லிக் காட்டுங்கள். உங்கள் விடுதியில் என்றால் ஒரு எலெக்ட்ரீஷியன், கணக்கு எழுதுகிறவர், இரவு வாட்ச்மேன். புயலைப் பற்றி வாட்ச்மேன்தான் முதலில் கேட்பார். மாடித் தகடு பறந்தபோது அங்கே இருந்தவர் அவர்தானே.

கேள்வி: இருபது நிமிடம் என்று சொல்லிக் கூப்பிட்டு, உள்ளே போனதும் “ஐந்து நிமிடத்தில் முடிங்க” என்கிறார்கள். (திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: வேகமாகப் பேசி இருபதை ஐந்தில் அடைக்காதீர்கள். ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தனியாக அச்சிட்டு எப்போதும் பையில் வைத்திருங்கள்: என்ன கேட்கிறோம், எவ்வளவு, எப்போது திரும்பும், என்ன தவறாகப் போகலாம், இன்று உங்களிடம் என்ன முடிவு வேண்டும். ஆளுக்கொன்று கொடுத்து இரண்டு நிமிடம் பேசுங்கள். மீதி மூன்று நிமிடத்தைக் கேள்விக்கு விடுங்கள். ப்ரொஜெக்டரை ஆன் செய்யவே வேண்டாம், அதற்கே இரண்டு நிமிடம் போய்விடும். முடிவு அன்று வராவிட்டால், அந்தத் தாளின் அடியில் “அடுத்த சந்திப்பு” என்று ஒரு கோடு போட்டிருப்பீர்களே, அதில் தேதியை அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.